உங்களுக்குத் தெரியுமா? முதல் பட்டம் பழைய கார்களுக்கே!

அமெரிக்காவின் நாஸ்கார் என்னும் கார் பந்தய அமைப்பு 1948-இல் வழங்கிய முதல் சாம்பியன் பட்டம் புதுக் கார்களுக்கானது அல்ல; 'மாடிஃபைட்' எனப்படும் பழைய கார்களுக்கானது. உலகப் போரின்போது அங்கே கார் உற்பத்தி நின்றுபோயிருந்தது. அதனால் 1930-களின் ஃபோர்டு கூபேக்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றிவிட்டு, வி8 எஞ்சினின் வேகத்தைக் கூட்டி ஓட்டினார்கள். போலீஸுக்குத் தப்பிக் கள்ளச்சாராயம் கடத்தியவர்களுக்கு இந்த வித்தை முன்பே அத்துப்படி!

பட்டம் வென்ற ரெட் பைரன், போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தபோது இடது காலில் படுகாயம் அடைந்தவர். அந்தக் காலுக்கான தாங்கியைக் கிளட்ச் பெடலோடு பிணைத்துக்கொண்டு ஓட்டினார். என்ன ஒரு மனத்திடம்! 1949-இல் புதுக் கார்களுக்கென்று தொடங்கிய பட்டமும் அவருக்கே கிடைத்தது.

மாடிஃபைட் கார்கள் ஓடும் ஓவல் பாதையில் எல்லா வளைவும் இடப்பக்கம்தான். ஆகவே இத்தகைய கார்களில் வலது பின்சக்கரத்துக்கு மட்டும் சற்றே பெரிய டயர் மாட்டுவது வழக்கம். இரு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் சேர்ந்து சுழலும்போது, பெரிய டயர் கூடுதல் தூரம் உருளும். கார் தானாகவே இடப்பக்கம் வளையும்.