இரண்டு நாள் லீவு போதும்!

பங்குனி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்கு இரண்டு கவலைகள் கூடவே பிறந்துவிடுகின்றன. முதலாவது தண்ணீர்க் கவலை. அதை இங்கே எழுதிப் பிரயோஜனமில்லை. லாரிக்காரரிடம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, "இந்த வருஷம் லீவுக்கு எங்கே போவது?" என்ற கவலை.

"காஷ்மீர்!" என்கிறான் பெரிய பையன். "ஊட்டி!" என்கிறாள் சின்னவள். பாட்டி மட்டும் யாருக்கும் கேட்காத குரலில், "காசி" என்கிறாள். வீட்டு எஜமானர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறார். ரயில் சார்ஜ், ஹோட்டல் வாடகை, கம்பளிச் சட்டை, வழிச் செலவு என்று தொகை ஏற ஏற அவர் முகம் இறங்குகிறது. காகிதம் மடிக்கப்பட்டுக் காலண்டருக்குப் பின்னால் போய்விடுகிறது. அடுத்த பங்குனியில் அதே காகிதம் வெளியே வரும். விலைவாசிக்குத் தக்கபடி தொகையை மட்டும் திருத்துவார்கள்.

கடைசியில் நடப்பது என்ன? மே மாதம் சொந்த ஊர்ப் பிரயாணம். இந்த வட்டாரத்தில் பெரும்பாலோருக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது. 1961-இல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அறுபதுகளிலேயே தொழிற்பேட்டையும் எழுந்தது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் மக்களும் பேரன்மாரும் இன்றைக்கு இங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஊருக்குப் போக வேண்டுமே? ரயில் டிக்கெட்டை 120 நாள் முன்னதாக வாங்கலாம் என்றிருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். ஆகவே மார்ச் மாதத்தில் ஒரு காலை எட்டு மணிக்குக் குடும்பமே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்குக் 'காத்திருப்போர் பட்டியல்' என்று வருகிறது!

சொந்த ஊருக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டி வேண்டும். ஆனால் ஒரு சந்தேகம். அந்த இருபது நாளும் லீவு யாருக்கு? ஐயாவுக்கு லீவு, குழந்தைகளுக்கு லீவு. அம்மாவுக்கு? இங்கே நாலு பேருக்குச் சமைத்தவள் அங்கே பதினாலு பேருக்குச் சமைக்கிறாள். அடுப்புதான் மாறுகிறது.

பட்டாபிராமில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக 33 வருஷம் வேலை பார்த்தவர். மனைவிக்கு பத்ரிநாத் போகவேண்டும் என்று ஆசை. "ரிடையர் ஆகட்டும், ஒரு மாதம் முழுசாகப் போய் வரலாம்" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் எங்கேயும் போகவில்லை. மிச்சமான லீவைப் பணமாக்கினார். அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடி எழுந்தது. ரிடையரும் ஆனார். பணம் இருந்தது, ஒரு மாதம் என்ன, எத்தனையோ மாதம் இருந்தது. அந்த அம்மாளின் முழங்கால்தான் இல்லை. "மாடி கட்டினோம், நான் ஏறிப் பார்த்து ஆறு மாசம் ஆச்சு" என்று அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீண்ட லீவுக்காகக் காத்திருப்பதில் இந்த ஒரு அபாயம் இருக்கிறது. லீவைச் சேர்த்து வைக்கலாம். பணத்தையும் சேர்த்து வைக்கலாம். முழங்காலைச் சேர்த்து வைக்க பாங்க்கு இல்லை.

லீவை ஒரே மூச்சில் செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலும் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. அதை மூன்று தடவையாகப் பிரித்து எடுத்துக்கொள்ளவும் இடம் வைத்தது. 2020-இல் இயற்றிய புதிய தொகுப்பில் 240 என்பதை 180 ஆக்கினார்கள். நம்மவர்களில் எத்தனை பேர் அப்படிப் பிரித்து எடுத்திருப்பார்கள்? ஜுரம் வந்தால் ஒரு நாள், மைத்துனன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் என்று எடுத்ததுதான் உண்டு.

ஹாலந்து தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் இந்த விஷயத்தை விடாமல் துருவியிருக்கிறார்கள். (பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டினார்களே, அந்த டச்சுக்காரர்களின் சந்ததிதான்.) 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 1,530 பேரை விசாரித்தார்கள். லீவில் போகப் போகிறவர்கள், போகாதவர்களைவிட முன்கூட்டியே சந்தோஷமாக இருந்தார்களாம். திரும்பி வந்த பிறகோ, பெரும்பாலோருக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை! 2013-இல் இன்னோர் ஆய்வு. சராசரி 23 நாள் லீவில் போனவர்களைக் கவனித்தார்கள். உற்சாகம் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழையபடி ஆகிவிட்டது. அதாவது, 23 நாள் போனாலும் ஒரு வாரத்தில் கரைந்துவிடுகிறது. போகப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பில்தான் லாபம் இருக்கிறது என்றால், வருஷத்துக்கு ஒரு தடவை எதிர்பார்ப்பதைவிட நாலு தடவை எதிர்பார்ப்பது மேல் அல்லவா?

நம் முன்னோர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்திருக்கிறது. கோயில்களில் வசந்தோற்சவம் நடத்துகிறார்களே, அது என்ன? உற்சவ மூர்த்தி தமது இடத்தை விட்டு வசந்த மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். குளிர்ச்சியான நிழலில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். சுவாமியே ஒரு மாத லீவு எடுப்பதில்லை!

ஆனால் வசந்தம் எப்போது என்பதில் பஞ்சாங்கத்தோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்கிறது பஞ்சாங்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அக்கினி நட்சத்திரத்தன்று மத்தியானம் நின்று பார்த்தவர் யாரும் அதை இளவேனில் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நமக்கு மாசிக் கடைசியும் பங்குனியும்தான் வசந்தம். வேம்பு பூத்துக் கொட்டுகிறது. மாமரம் பிஞ்சு விடுகிறது. குயில் விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பிவிடுகிறது. மல்லிகையின் விலை தரைக்கு இறங்குகிறது. காலை ஒன்பது மணி வரையிலும் மாலை ஐந்துக்குப் பிறகும் வெளியே நடமாட முடிகிறது. மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறோம். அங்கே கூட்டம் தாங்காமல் 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஐகோர்ட்டு உத்தரவு போட வேண்டியதாயிற்று. பங்குனியில் நம் வாசலிலேயே இருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வாசல் என்று சும்மா சொல்லவில்லை. தென்னிந்தியாவில் முதல் முதலாகப் பயணிகள் ரயில் ஓடியது நம் வீட்டு வழியாகத்தான். 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போன அந்தப் பாதையில்தான் இன்றைக்கும் நாம் ஆபீசுக்குப் போகிறோம். தினமும் கிழக்கே போகிற வண்டியைப் பிடிக்கிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய் மேற்கே போகிற வண்டியில் ஏறிப் பாருங்கள். உட்கார இடம் கிடைக்கும். இதுவே பாதி லீவு!

முதலில் திருநின்றவூர். பக்தவத்சலப் பெருமாள் கோயில் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று திருநாமம். லக்ஷ்மி வைகுண்டத்தை விட்டுப் புறப்பட்டு இங்கே வந்து நின்றுவிட்டாளாம். 'திரு' நின்ற ஊர் ஆனதற்கு அதுதான் காரணம் என்கிறது ஸ்தல புராணம். சமுத்திரராஜன் வந்து, "என்னைப் பெற்ற தாயே, திரும்பி வா" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. வீட்டை விட்டு இரண்டு நாள் வெளியே போகவேண்டும் என்ற ஆசை எந்த அம்மாளுக்கும் வரக்கூடியதுதான் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? அதே ஊரில்தான் பூசலார் நாயனார் கல்லும் காசும் இல்லாமல் மனசுக்குள்ளேயே சிவபெருமானுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ ராஜா கற்கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது, "அன்றைக்கு நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் பார்" என்று சுவாமி கனவில் சொல்லிவிட்டார். அந்தப் பூசலாருக்காக அங்கே இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது.

பட்டாபிராம் அம்மாள் இந்த ஊருக்கு இரண்டாவது ஸ்டேஷனில் 33 வருஷம் குடியிருந்தார். போன பங்குனியில்தான் கணவர் அழைத்துப் போனார். இரண்டு கோயிலையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் தூண் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். "என்ன பேசினீர்கள்?" என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலை. யாரும் சாப்பாடு கேட்கலை, அதுவே போதுமாயிருந்தது" என்றார் அந்த அம்மாள்.

முழங்கால் உள்ளவர்களுக்குத் திருத்தணி. வருஷத்துக்கு நாள் கணக்காக 365 படி. ஏற முடியாதவர்களுக்கு மலை உச்சி வரை வண்டிப் பாதை இருக்கிறது. வயசானவர்களைத் தயங்காமல் அழைத்துப் போகலாம்.

திருவள்ளூரில் இறங்கினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பூண்டி. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் எழுந்த அணை; 1944-இல் முடிந்தது. நாம் குழாயில் பிடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் குழந்தைகள் ஒரு தடவை நேரில் பார்க்கட்டும். அப்புறம் வாளியை நிரம்பி வழிய விடமாட்டார்கள். பூண்டியில் கற்கால மனிதர்களின் ஆயுதங்களை வைத்து ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே பிற்காலத்தில் அகழ்ந்து எடுத்தவற்றுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயசு என்று 2011-இல் கணக்கிட்டார்கள். உலகத்தைச் சுற்றிப் பார்க்கப் பாஸ்போர்ட்டுக்கு அலைகிறவர்கள், தங்கள் தாலூகாவைத் தாண்டியதும் இப்படி ஓர் இடம் இருப்பதைக் கவனிக்க வேண்டாமா?

பூந்தமல்லிக்காரர்களுக்கு இந்த ரயில் பாதை இல்லை. ஆனால் காஞ்சிபுரம் பஸ் இருக்கிறது. மல்லிகையைப் பேரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஊரில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், தம் தோட்டத்துப் பூவைக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாற்றி, விசிறி வீசும் கைங்கரியம் செய்தவர். சுமார் 55 கிலோமீட்டரை நடந்தே கடந்தார் என்பது ஐதீகம். தள்ளாமை வந்ததும் வரதரே பூந்தமல்லிக்கு எழுந்தருளினாராம். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தள்ளாமை வருவதற்கு முன் பஸ் ஏறிவிட வேண்டியதுதான். பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கல்யாணம். கூட்டம் ஆகாதவர்கள் அதற்கு முந்திய வாரம் போகலாம்.

இரவு தங்க ஆசைப்படுகிறவர்கள் ஏலகிரிக்குப் போகலாம். பெரம்பூரிலோ அரக்கோணத்திலோ ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். மலைப் பாதையின் 14 வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர். வள்ளுவர், கபிலர் என்று வளைவுக்கு ஒருவராகத் தாண்டி ஏறலாம். ஊட்டியின் குளிர் இருக்காது. கம்பளிச் சட்டைச் செலவும் இருக்காது.

"பங்குனியில் பரீட்சையாயிற்றே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. பொதுப் பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு நாள் யோசனையை விட்டுவிடுங்கள். அந்த வருஷத்துக்குப் பருத்திப்பட்டு ஏரி போதும். ஆவடிக்காரர்களுக்காக ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு 2019-இல் திறந்தார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளையை அழைத்துப் போய்க் காற்று வாங்கவிட்டால் மார்க்கு ஒன்றும் குறைந்துவிடாது. மற்ற வீடுகளுக்குத் தெலுங்கு வருஷப் பிறப்பு, புனித வெள்ளி, சித்திரை முதல் தேதி என்று நாள்கள் இருக்கவே இருக்கின்றன.

இன்னொன்று முக்கியம். ஒரு நாள் பிரயாணம் என்றால் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்ட வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. அதைச் செய்தால் மறுபடியும் பழைய கதைதான். லீவு எல்லோருக்கும், அவளுக்கு மட்டும் இல்லை. போகிற இடத்தில் ஹோட்டல் இருக்கிறது. இல்லாவிட்டால் கணவன்மார்களுக்கும் புளிக்காய்ச்சல் கிளறத் தெரியும், சொல்லிக்கொடுத்தால்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால் நான் பழவேற்காட்டைச் சொல்வேன். பனிக்காலத்தில் வந்து இறங்கும் பூநாரைகள் வெயில் ஏறினால் கிளம்பிவிடும். திருத்தணி முருகன் எங்கும் போகமாட்டார். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும் பார்க்கலாம். பறவைகளைக் கரையிலிருந்தே பாருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோன ஏரி அது. யார் கூப்பிட்டாலும் படகில் ஏறவேண்டாம். வெயிலுக்கு மோர் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அதை யார் கடைவது என்பதை முதல் நாள் இரவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.