குறைமாதப் பிள்ளைக்கு விடியும்வரை பொறுக்கலாமா?

மாதம் நிறையுமுன் பிள்ளை பிறந்தால், "தங்கினால் தங்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். வயலையும் வீட்டையும் இழந்து வந்த குடும்பங்களில் இப்படி மனம் சோர்ந்துபோவது புதுமையல்ல. ஓர்ஸ் ஹில்லிலிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலை தூரமில்லை. "விடியட்டும் பார்ப்போம்" என்ற எண்ணமே அதைத் தூரமாக்குகிறது.

ஏன் ஆபத்து?

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிள்ளை. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களிலேயே பிள்ளைக்குச் சேர்கிறது. முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சீதனம் முழுதாகக் கிடைப்பதில்லை. தோலும் மெல்லியது. கிருமி இரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

கவனிக்க வேண்டியவை

காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குறைமாதப் பிள்ளைக்கு உடல் குளிர்ந்தும் போகலாம்.

- பால் குடிக்க மறுத்தல், அல்லது குடித்த பிள்ளை குடியாதிருத்தல்
- உடல் சுடுதல் அல்லது குளிர்தல்
- நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல்
- வலிப்பு, தட்டினாலும் சோர்ந்து கிடத்தல்

இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும்போது பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் மிஞ்சிய மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

ஏழைக் கிராமங்கள் காட்டிய வழி

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி என்பது பின்தங்கிய மாவட்டம். அங்கே வைத்தியர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் சாதாரணப் பெண்களைப் பயிற்றினார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று பச்சிளம் பிள்ளைகளைப் பார்த்தார்கள். தொற்றின் அறிகுறி கண்டால் மருந்தும் ஊசியும் கொடுத்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, பிறந்த முதல் மாத மரணம் ஏறத்தாழ 62 வீதம் குறைந்தது. தொற்றுக் கண்ட நூறு பிள்ளைகளில் சுமார் 17 பேர் இறந்த நிலை மாறி, 3 பேராகியது. அங்கே பெரிய கட்டிடம் எழும்பவில்லை. காலத்தோடு கண்டுபிடித்ததே பிள்ளைகளைக் காத்தது.

நம் கையில் உள்ளவை

பிள்ளையைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ பூசாது உலர விடுங்கள். தாயின் வெறும் மார்போடு பிள்ளையை அணைத்து வைத்திருப்பது சூட்டைக் காப்பதோடு தொற்றையும் குறைக்கும். இம்முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு வைத்தியசாலையில் தொடங்கியது. தாய் களைத்தால் தகப்பனும் அம்மம்மாவும் அணைக்கலாம்.

குடிசை மாறியிருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் புதிய இருப்பிடத்தைச் சொல்லுங்கள். இடம் தெரிந்தால்தான் அவர் பிள்ளையைத் தேடி வர முடியும்.