நாய்ச்சோற்றுக்கு ஒரு கணக்கு

எங்கள் செல்லூரில் இப்போது பலசரக்குக் கடை வாசலிலேயே நாய்த்தீனி மூட்டை நிற்கிறது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வாயைப் பிரித்து வைத்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று அளந்து கொடுக்கிறார்கள். தறி ஓட்டுகிற வீடுகளிலும் நாய் இருக்கிறது, மாடி வீட்டிலும் இருக்கிறது. ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கோ மயிலையும் பன்றியையும் விரட்ட நாய் இல்லாமல் ஆகாது. "சார், மாசம் ஆயிரத்தைநூறு ரூபா இதுக்கே போகுது. நாம திங்கிற சோத்தையே போட்டா ஆகாதா?" என்று தறிக்காரத் தம்பி ஒருவர் கேட்டார். ஆகும் தம்பி. ஆனால் வெறும் சோறு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கணக்கைத்தான் எழுத வந்தேன்.

முதலில், நாய்க்குத் தானியமே ஆகாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. 'கிரெய்ன் ஃப்ரீ' என்று அச்சடித்து இரட்டை விலைக்கு விற்கிற மூட்டைகள் அந்தப் பேச்சில்தான் ஓடுகின்றன. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் நாயின் மரபணுவை ஓநாயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருந்தது. மனிதன் வீட்டு மிச்சத்தைத் தின்று தின்றே நாய் நாயாகியிருக்கிறது. நம் பக்கத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் கம்பங்கூழிலும் கேப்பைக் களியிலும் வளர்ந்த இனங்கள்தானே? அதிலே ராஜபாளையம் 2005-ல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. இன்னொன்றும் கேளுங்கள். தானியத்தை எடுத்துவிட்டுப் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கை அள்ளிப்போட்ட தீனிகளுக்கும் நாய்களின் இதயம் வீங்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018-ல் விசாரணையே தொடங்கியது. ஆகவே தானியத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது பால்சோறுக்குத்தான். நம் வீடுகளில் நாயின் சாப்பாடு என்றால் அதுதான். கொஞ்சம் வசதி இருந்தால் டீக்கடை பிஸ்கட். அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு பங்கு. வளர்ந்த நாய்க்குத் தேவை, உணவின் உலர் எடையில் குறைந்தது 18 பங்கு. குட்டிக்கு 22-க்கு மேல். பால் அந்தப் பள்ளத்தை நிரப்பாது, வளர்ந்த நாய் பலதுக்குப் பால் செரிப்பதும் இல்லை, வயிற்றால் போகும். பிஸ்கட் என்பது மைதாவும் சீனியும். அதைப் போட்டு நாய் வாலை ஆட்டுவதைப் பார்த்து நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

இனி பாக்கெட் விஷயம். முப்பது வருடத்துக்கு மேல் கடன் மனுக்களைப் படித்த பழக்கத்தில் சொல்கிறேன், முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். புரதம் குறைந்தது இவ்வளவு, கொழுப்பு குறைந்தது இவ்வளவு, நார் அதிகபட்சம், ஈரப்பதம் அதிகபட்சம் என்று நாலு வரி இருக்கும். ஈரப்பதத்தைக் கழிக்காமல் புரதத்தை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். உலர் தீனியில் புரதம் 20, ஈரம் 10 என்று வையுங்கள். மீதி 90-ல் 20, அதாவது 22 விழுக்காடு. குழம்பு மாதிரி இருக்கிற சிறிய பையில் புரதம் 8, ஈரம் 80 என்றிருக்கும். மீதி 20-ல் 8 என்றால் 40 விழுக்காடு! உசத்திதான். ஆனால் 80 கிராம் பையில் மொத்தமே ஆறு கிராம் சொச்சம் புரதம். அது ஒரு கோழிமுட்டையில் இருக்கிறது. பை நாற்பது ரூபாய் என்றால் முட்டை ஆறு ரூபாய். அதை நாய்க்குச் சாப்பாடாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வட்டிக்கணக்கு ஞாபகம் வருகிறது.

அடுத்து உட்பொருள் பட்டியல். எது அதிகமோ அது முதலில் வரும். 'தானியங்களும் தானிய உபபொருட்களும்' என்று தொடங்கினால் மூட்டையில் பெரும்பகுதி மக்காச்சோளமும் தவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். அது குற்றமில்லை. நம் காட்டில் விளைகிற சரக்கை நாம் விற்ற விலைக்குப் பல மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்பதுதான் சங்கதி. மாட்டுத் தீவனத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கடையில் விற்கிற நாய், பூனைத் தீனிக்கு 18 விழுக்காடு. வாய் பிரித்த மூட்டையிலிருந்து சில்லறையாக வாங்கவே வேண்டாம். அதில் பின்பக்கமும் இல்லை, தேதியும் இல்லை, மதுரை வெயிலில் கொழுப்பு காறிப்போயிருக்கும்.

சரி, வீட்டுச் சமையல். பதினைந்து கிலோ எடையுள்ள, சாதாரணமாக ஓடியாடுகிற வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். நான் என் நாய்க்குப் போடுவது இது. கம்புக் குருணையோ கேப்பையோ ரேஷன் அரிசியோ 150 கிராம், வேகவைக்காத எடையில். எலும்பு நீக்கிய கோழிக்கறி 100 கிராம். முட்டை ஒன்று, வேகவைத்தது. ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். ஒரு பிடி பூசணிக்காயோ கேரட்டோ கீரையோ. கம்பு போட்டால் புரதம் மொத்தம் 40 கிராமுக்குக் கிட்ட வருகிறது, உலர் எடையில் 22 விழுக்காடு. அரிசி போட்டால் 19. இரண்டுமே தேறும். கம்பையே வருடம் முழுக்கப் போடாமல் தானியத்தை மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

கறிக்கடையில் கோழிக் கழுத்தைச் சல்லிசாகக் கொடுப்பார்கள். வேகவைத்துச் சதையைப் பிரித்தெடுத்துவிட்டு எலும்பை எறிந்துவிடுங்கள். வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கறி நீக்கிய எலும்பில் போன சுண்ணாம்புச் சத்தை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாகப் பொடித்து அரைத் தேக்கரண்டி சேர்த்தால் ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும், இந்த நாய்க்கு அது போதும். வாரம் ஒரு தடவை கறிக்குப் பதிலாகக் கொஞ்சம் ஈரல். தினமும் ஈரல் கூடாது, வைட்டமின் ஏ அளவு மீறிப்போகும். அயோடின் உப்பு ஒரு சிட்டிகை.

என் கணக்கில் இது நாளைக்கு முப்பது ரூபாய்க்குள் அடங்குகிறது. கம்பு சொந்தக் காட்டுச் சரக்கு என்றால் இன்னும் குறையும். கிலோ 200 ரூபாய் உலர் தீனியில் அதே நாய்க்கு 250 கிராம் வேண்டும், ஐம்பது ரூபாய். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லாமல் போவது நியாயமில்லை. அமெரிக்காவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95-ல் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ போன்றவைதான் வழக்கமாக மாட்டிக்கொள்கிறவை. என் பானைக்கும் அது பொருந்தும். ஆகவே நாய்க்கான தாது உப்பு, வைட்டமின் கலவையைக் கால்நடை மருத்துவரிடம் எடை சொல்லி எழுதி வாங்கிச் சேர்க்க வேண்டும். மாட்டுக்கு வைத்திருக்கும் தாது உப்பை அள்ளிப் போடாதீர்கள், அளவே வேறு. குட்டிக்கு மட்டும் என் யோசனை நேர்மாறானது. ஒரு வயது வரை குட்டிகளுக்கென்று விற்கிற பாக்கெட்டே வாங்குங்கள், பணம் கொஞ்சம் போனால் போகிறது. வளர்கிற எலும்புக்குச் சுண்ணாம்பும் பாஸ்பரசும் சரியான விகிதத்தில் வேண்டும், சோறும் கறியும் மட்டும் தின்கிற குட்டிக்குக் கால் வளைந்துபோகும்.

பாக்கெட் என்றால் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். 2007-ல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்து, வட அமெரிக்காவில் ஏகப்பட்ட நாய், பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மெலமினில் நைட்ரஜன் அதிகம்; சோதனையில் புரதம் கூடுதலாகக் காட்டும், அதற்காகவே கலந்தார்கள்.

நம்மிடம் இருக்கிற ஆபத்து வேறு. பூசணம் பிடித்த சோளம், கடலைப் புண்ணாக்கு. மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கியதை "நாய் திங்கட்டும்" என்று காய்ச்சிப் போடுகிற பழக்கம் கிராமங்களில் உண்டு. 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பக்கம் பருவம் தப்பிய மழையில் மக்காச்சோளம் பூத்துப்போனது. அதைத் தின்ற ஜனங்களுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் வயிற்றில் நீர் கோத்து அதே நோய். அஃப்லாடாக்சின் என்கிற அந்த நஞ்சு காய்ச்சினாலும் போகாது. பூத்த சரக்கு குப்பைக்கும் எரிப்பதற்கும்தான்.

கிடாவெட்டு நாளில் நுரையீரலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு எறிவதும் அப்படித்தான். ஆட்டின் உறுப்பில் இருக்கிற நீர்க்கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை குழந்தைகளின் கைக்கு வந்து சேரும். மனித ஈரலிலும் கட்டி வளரும். கொதிக்க வைத்துப் போட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சமும் பரோட்டா சால்னாவும் வெங்காயம் இல்லாமலா? அதை நாய்த்தட்டில் கொட்டாதீர்கள். கம்பம் பக்கத்துத் திராட்சையும் கூடாது, சிறுநீரகம் போகும். சாக்லேட், கருவாட்டு உப்பு வேண்டாம்.

அளவு சரியா என்று அறிய நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி இனங்களுக்கு இரண்டொரு விலா தெரிந்தால் பரவாயில்லை, அதன் வாகு அது. பாக்கெட்டிலிருந்து பானைக்கு மாற்றுகிறவர்கள் ஒரே நாளில் மாற்றாமல், கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க வாசலைக் கழுவ வேண்டியிருக்கும்.