சம்மதம் கேட்கும் இடம்

திருமணத்தை எங்கே நடத்துவது என்பது பற்றி நம்மவர்கள் ஆறு மாதம் ஆலோசிப்பார்கள். மண்டபம், சமையற்காரர், நாயனக்காரர், ஊரிலிருந்து வருவோர்க்கு ரயில் டிக்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால், "என்னை மணந்துகொள்ளச் சம்மதமா?" என்னும் முதற் கேள்வியை எங்கே கேட்பது என்று எவரும் ஆலோசிப்பதில்லை. முன்னாளில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பெரியோர் கேட்டனர், பெரியோரே விடையும் கூறினர். இன்றோ, தில்லியிலேயே பிறந்து, படித்து, உத்தியோகமும் பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் தாமே கேட்டுக்கொள்கின்றனர். ஜாதகம் பார்த்துப் பேசும் குடும்பங்களிலும், பையனும் பெண்ணும் தனியே ஒரு முறை சந்தித்த பின்னரே மேற்கொண்டு பேச்சு நடைபெறுகிறது. ஆகவே இடத்தைப் பற்றிச் சிந்திப்பது வீண் வேலை அன்று.

இஃது மேனாட்டு நாகரிகம் என்று முகம் சுளிப்போர் உளர். அவர்கள் தொல்காப்பியத்தின் களவியலைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம். தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்துக்குக் குறி என்று பெயரிட்டு, பகற்குறி, இரவுக்குறி என இரண்டாக வகுத்தனர் நம் முன்னோர். பகலில் சந்திக்கும் இடம் வீட்டுக்குப் புறத்தே இருக்கும். இரவில் சந்திக்கும் இடமோ, வீட்டாரின் பேச்சுக்குரல் காதில் விழும் தொலைவுக்குள் இருக்க வேண்டும். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அந்த இடத்தைச் சுட்டிக் கூறும் உரிமை தலைவிக்கு உரியது என்கிறது இலக்கணம். காரணமும் கூறுகிறது: அவள் சென்று வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் அல்லவா? இத்தனை நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் இதனினும் சிறந்த விதியை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

இந்த விதியை நாம் இரு வழியிலும் மீறி வருகிறோம். பழைய முறைப் பெண் பார்த்தலை எண்ணிப் பாருங்கள். கூடத்தில் பதினைந்து பேர் அமர்ந்திருப்பர். சொஜ்ஜியும் பஜ்ஜியும் தட்டில் இருக்கும். பெண் வந்து நமஸ்கரிப்பாள். பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுவதாகக் கூறி எழுந்து விடலாம். பெண்ணோ, அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு வேண்டாம் என்று கூற இயலுமா? இனிப் புதிய முறையைப் பாருங்கள். பெரிய அங்காடியின் நடுவே இளைஞன் ஒருவன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டுகிறான். நண்பர் கூட்டம் கைதட்டுகிறது. நாற்புறமும் கைப்பேசிகள் படம் பிடிக்கின்றன. அங்கும் பெண்ணின் நிலை அதுவே. கூட்டத்தின் முன்னிலையில் கேட்கப்படும் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. ஒரே விடையுள்ள கேள்வியைக் கேள்வி என்று கூறலாகாது. கூடமும் அங்காடியும் வேறு வேறாகத் தோன்றினும், குறை ஒன்றே.

எனவே, மறுப்பதற்கும் இடம் தரும் இடமே நல்ல இடம் என்பது என் கருத்து. இந்த உரைகல்லை வைத்துத் தலைநகரத்துக்கு அருகிலுள்ள சில இடங்களை உரசிப் பார்ப்போம்.

இளைஞர் மனத்தில் முதலில் எழுவது தாஜ்மகால். நிஜாமுதீன் நிலையத்திலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் 188 கிலோமீட்டரை ஏறத்தாழ 1 மணி 40 நிமிடத்தில் கடந்து ஆக்ராவை அடைகிறது. வெள்ளிக்கிழமை அவ்வண்டி ஓடாது. தாஜ்மகாலும் அன்று மூடியிருக்கும். நுழைவுச் சீட்டு மூன்று மணி நேரத்துக்கே செல்லும். நிலவொளியில் காண விரும்பினால், பௌர்ணமியை ஒட்டிய ஐந்து இரவுகளில் வெள்ளியும் ரம்ஜான் மாதமும் நீங்கலாக அனுமதி உண்டு; அதுவும் 50 பேர் கொண்ட குழுவில், அரை மணி நேரம். தனிமைக்கு வழியில்லை. மேலும், அது 1631ஆம் ஆண்டில் பதினான்காம் பிள்ளைப்பேற்றின்போது உயிர் நீத்த அரசியின் கல்லறை. வாழ்க்கை தொடங்கும் நேரத்தில் அந்த எண்ணம் எத்தனை பெண்களுக்கு உவப்பாக இருக்கும்?

ரயில்வே ஊழியன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்வேன். போகவர இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கையில் டிக்கெட் எடுத்திருப்பீர்கள். அவள் 'இல்லை' என்று கூறிவிட்டால், மாலை வரை காத்திருந்து, அதே வண்டியில் அருகருகே அமர்ந்து திரும்ப வேண்டும். இருவருக்கும் அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. சேர்ந்து திரும்ப வேண்டிய தொலைவிடத்தில் கேட்காதீர்கள். இவ்வாறே, வண்டி புறப்படும் வேளையில் நடைமேடையில் நின்று கேட்பதும் திரைப்படத்துக்கே ஏற்றது. எண்ணிப் பார்த்து விடை கூறக் கொடி அசைப்பவர் அவகாசம் தரமாட்டார்.

நகருக்குள்ளேயே லோதி தோட்டம் இருக்கிறது. சையது, லோதி வம்சத்து மன்னர்களின் சமாதிகளைச் சுற்றி 1936ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பூங்கா அது. இங்கும் கல்லறைதானே என்று பாட்டிமார் கேட்பர், கேட்கட்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையில் நடைபயில்வோர் நிறைய இருப்பதால் அச்சமில்லை. அவரவர் நடையிலேயே கருத்தாக இருப்பதால் தொல்லையும் இல்லை. ஜோர் பாக் மெட்ரோ நிலையம் அருகிலேயே உள்ளது. விடை எதுவாயினும் அவரவர் தம் வீட்டுக்குத் தாமே போய்ச் சேரலாம். ஜனவரியின் மூடுபனியையும், ஜூனின் அனற்காற்றையும், நவம்பரின் புகையையும் தவிர்த்து, பூக்கள் மலரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்துகொள்வது நலம்.

இரு வீட்டாரும் சேர்ந்து பார்ப்பதானால், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரைக் காட்டிலும் ஏற்ற இடம் இல்லை. 1973ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் சந்நிதி அது. கோவிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்துக்கொள்வது நம் பழைய வழக்கமே. மனம் பொருந்தினால் மேலே பேசலாம். பொருந்தாவிடில் பிரசாதம் பெற்றுக்கொண்டு, எவருக்கும் தலைகுனிவின்றிப் பிரியலாம். பெரியவர்கள் பிராகாரத்தில் அமர்ந்திருக்க, இளையவர்கள் படிக்கட்டில் நின்று பேசலாம். குரல் கேட்கும் தொலைவு; ஆனால் சொல் புரியாத தொலைவு. தந்தைக்கே பொருள் உரைத்த பிள்ளையும், தினைப்புனத்துக்குத் தானே சென்று வள்ளியைக் கேட்டவனும் அங்கே குடிகொண்டிருக்கும் முருகனே என்பதைப் பெரியவர்கள் நினைவிற்கொள்வது நன்று.

சம்மதம் கிடைத்த பின் பெற்றோரிடம் கூறுவதற்கும் இடம் உண்டு. அது அவர்களுடைய வீடு. புகைப்படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, உறவினர் வாயிலாக அவர்கள் அறியும்படி செய்வது தகாது. பெற்றோர் ஊரில் இருந்தால், சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் பயணம் செய்தேனும் நேரில் கூறுங்கள். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னர்தான் முன்பதிவு செய்ய இயலும் என்பதை மறவாதீர்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். நம் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினால், ஏன் என்று குடைந்து கேட்காமல் காப்பி கலந்து கொடுங்கள். அடுத்த முறை அவள் சரி என்று கூறுகையில் அச்சொல்லை முழுமையாக நம்புவதற்கு அதுவே ஆதாரம். இளைஞர்களுக்கோ, நான் கூறக்கூடியது இவ்வளவே: இடத்தை நீங்களே தீர்மானித்து அவளை வியப்பில் ஆழ்த்த முயலாதீர்கள். "உன்னோடு முக்கியமான விஷயம் பேச வேண்டும், எங்கே சந்திக்கலாம்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் இடம் அடையாற்று மணமுள்ள சிற்றுண்டிச்சாலையாயினும், அலுவலகத்து வேப்பமரத்தடியாயினும், அங்கே போய்க் கேளுங்கள். பல ஆண்டுகளுக்குப் பின் இருவரும் மறவாமல் நினைத்துப் பார்ப்பது அந்த இடத்தையே.