நீர் பிரியும் முகட்டிலே

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள மொனார்க் கணவாய் 3,448 மீற்றர் உயரமானது. அங்கிருந்து தொடங்கும் முகட்டுப் பாதையிலே துவிச்சக்கரவண்டியிற் சென்றேன். ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதை அது. அம்முகட்டின் கிழக்குச் சரிவில் வீழும் மழைநீர் ஆர்க்கன்சா ஆற்றையும், மேற்குச் சரிவில் வீழ்வது கொலராடோ ஆற்றையும் நாடிச் செல்கின்றது. ஒரு சாண் இடைவெளி இரு சமுத்திரங்களின் திசையைத் தீர்மானிக்கின்றது!

கடல்மட்டத்திற் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அங்குண்டு. ஆதலால் சிறு மேடுகளிலும் மூச்சு முட்ட, வண்டியைத் தள்ளியே நடந்தேன். மரமே வளராத அவ்வுயரத்திற் கோடைகாலப் பிற்பகல் மின்னல் உயிர்க்கொல்லி, ஒதுங்க நிழலில்லை.

நண்பகலில் மேற்கே மேகம் கறுத்தது. எஞ்சிய முகட்டைத் துறந்து, கீழேயுள்ள காட்டை நோக்கி இறங்கினேன். மலை அங்கேயே இருக்கும். மனிதனல்லவோ மீண்டும் வரவேண்டும்?