மான் இறைச்சியை ஏன் தொங்கவிடுகிறார்கள்?

ஸ்காட்லாந்து மலைகளில் செம்மானைச் சுட்டு வீழ்த்தியவர் அடுத்து எடுப்பது கத்தி. குடலையும் இரைப்பையையும் மலைச்சரிவிலேயே அகற்றிவிடுவார். புல்லைச் செரிக்க உதவிய நுண்ணுயிர்கள் மானோடு சேர்ந்து சாவதில்லை. உடல் சூட்டில் பெருகி, வாயுவைக் கிளப்பி, வயிற்றை உப்பவைக்கும். பிறகு உடலைக் கீழே கொண்டுவந்து, குளிர்ந்த கிடங்கில் பின்னங்காலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். தோலை உடனே உரிப்பதில்லை. உரித்தால் இறைச்சி காய்ந்துவிடும்.

சில மணி நேரத்தில் உடல் விறைக்கிறது. செத்த தசைக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பலம்? தசை சுருங்கச் சக்தி வேண்டும் என்பது தெரிந்ததே. தளரவும் சக்தி வேண்டும் என்பதுதான் வியப்பு. ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும்போது தசை சுருங்குகிறது. அந்தப் பிடி விட, ஏடிபி என்ற மூலக்கூறு வந்து மயோசினில் ஒட்டியாக வேண்டும். உயிர் போனபின் ஏடிபி தீர்ந்துபோகிறது. பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடுகிறது.

விறைப்பு வருமுன் அவசரப்பட்டு 10 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தாலும் வம்புதான். தசை கால்சியத்தை அடக்கிவைக்க முடியாமல் கடுமையாகச் சுருங்கிக்கொள்ளும். எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்தான்.

அப்புறம் இறைச்சி எப்படி மென்மையாகிறது? பிடி தளர்வதால் அல்ல. தசையிலேயே இருக்கும் கால்பெயின் என்ற நொதி, இழைகளை வரிசையாகத் தாங்கும் டெஸ்மின், டைட்டின் போன்ற புரதங்களை அங்கங்கே வெட்டுகிறது. பிடி அப்படியே இருக்க, பிடித்தவர் நின்ற தரை பெயர்ந்துவிடுகிறது. இதற்குச் சில நாட்களாவது வேண்டும். அழுகவிட்டுத் தின்கிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்த வேலைக்குப் பாக்டீரியா தேவையே இல்லை. பிரான்சின் உணவு எழுத்தாளர் பிரியா-சவரன் 1825-இல் வெளியிட்ட நூலில், அழுகத் தொடங்கும் ஃபெசன்ட் பறவைதான் உச்ச ருசி என்றார். அந்த ருசி அவரோடு போகட்டும். மான் போன்ற பெரிய வேட்டை விலங்கின் இறைச்சியை 7 டிகிரிக்கு மேற்படாமல் குளிர்விக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றிய விதி.

ஆனால் கிடங்குக்கு வருமுன்பே இறைச்சியின் தரம் பாதி தீர்மானமாகிவிடுகிறது. அமைதியாக மேய்ந்தபோது ஒரே குண்டில் விழுந்த மானின் தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைய இருக்கும். அது லாக்டிக் அமிலமாக மாறி, பிஎச் அளவு 7-இலிருந்து 5.5 வரை இறங்கும். அந்தப் புளிப்பு பாக்டீரியாவை மட்டுப்படுத்தும். காயத்தோடு நெடுந்தூரம் ஓடிய மானோ கிளைகோஜனை ஓட்டத்திலேயே செலவழித்துவிடும். அதன் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரமே கெடும். எந்தக் கிடங்கில் தொங்கவிட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.