இன்ஜின் இல்லாமல் 76 ஆயிரம் அடி

குன்றுகள் உள்ள காட்டுப் பக்கம் இறக்கையை அசைக்காமலே உயரே ஏறும் பருந்தைப் பார்த்திருப்பீர்கள். குன்றுச் சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித்தான் போயாக வேண்டும். பருந்து அதில் தொற்றிக்கொள்கிறது. இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்துக்கும் அதே காற்றுதான் துணை.

கிளைடரில் விமானி அமரும் கண்ணாடிக் கூண்டின் வெளியே ஒரு துண்டு கம்பளி நூல் ஒட்டியிருக்கும். நூல் நேராகப் படிந்திருந்தால் விமானம் பக்கவாட்டில் வழுக்காமல் போகிறது என்று பொருள். அவ்வளவு எளிய கருவி!

காற்று மோதும் சரிவு ஒரு பக்கம் என்றால், மலையின் மறுபுறம் இன்னும் அதிசயம். மலையைத் தாண்டி இறங்கும் காற்று மீண்டும் எழும்பி, அலையலையாக நீளும். நகராமல் நிற்கும் தட்டு வடிவ மேகங்கள் அந்த அலைக்கு அடையாளம். அலை எழும்பும் பக்கத்தில் நிலைகொண்டால், மலையைப் போலப் பல மடங்கு உயரம் போகலாம். 2018 செப்டம்பர் 2 அன்று, அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலை எழுப்பிய அலையில் 'பெர்லான் 2' கிளைடர் இருவரைச் சுமந்துகொண்டு 76 ஆயிரம் அடியைத் தாண்டியது. பயணிகள் விமானம் பறப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு!

கிளைடர் ஓட்டிப் பழக நம் நாட்டில் புனேயின் ஹடப்சரில் அரசு ஒரு பயிற்சி மையத்தை நடத்திவந்தது.